ஜெபம் உண்டு, தனி ஆராதனை இல்லை: இங்கிலாந்து சபையும் தன்பாலின ஜோடிகளும்

வாசகர் ஒருவரின் கேள்வி, 17 அக்டோபர் 2025

தன்பாலின ஜோடிகளை ஆசீர்வதிக்கும் விஷயத்தில் சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் பேராயர்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்று இந்த வாரம் செய்தி பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. கல்யாணத்தைப் பற்றிய சபையின் போதனை இரண்டாயிரம் வருஷமாக மாறவில்லை. நாட்டுச் சட்டம் மாறுகிறது என்பதற்காக அதுவும் மாற வேண்டுமா? இப்படிக் கேட்டாலே வெறுப்பு என்கிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் யாராவது நடப்பதைச் சொல்லுங்கள்.

18 அக்டோபர், காலை

நான் லண்டன் ஓரத்தில் ஒரு பாரிஷில் இருக்கிறேன், சபைக் கமிட்டியிலும் உட்காருகிறேன். பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. சபை.

பின்வாங்கினார்கள் என்பது பாதிதான் சரி. 2023 டிசம்பர் 17 முதல் இங்கே தன்பாலின ஜோடிகளுக்காகச் சொல்ல ஒரு ஜெபத் தொகுப்பு இருக்கிறது. வழக்கமான ஆராதனைக்குள், குருவானவருக்குச் சம்மதம் இருந்தால், அந்த ஜெபங்களைச் சொல்லலாம். அதை யாரும் எடுக்கவில்லை. இந்த வாரம் நிறுத்தி வைத்தது வேறு இரண்டு. ஒன்று, அந்த ஜோடிக்கென்றே தனி ஆராதனை நடத்துவது. இன்னொன்று, குருமார் தங்கள் தன்பாலினத் துணையைப் பதிவுத் திருமணம் செய்துகொள்வது. முதலாவதற்குச் சபையின் ஆட்சி மன்றமான சினாடின் மூன்று அவைகளிலும் (பேராயர், குருமார், விசுவாசிகள்) மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், இரண்டாவதற்குச் சபைச் சட்டத்தையே மாற்ற வேண்டும் என்று பேராயர்கள் சொல்லிவிட்டார்கள்.

மூன்றில் இரண்டு என்பது எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 2023 நவம்பரில், தனி ஆராதனையைச் சோதனையாக அனுமதிக்கலாமா என்று ஓட்டெடுத்தபோது குருமார் அவையில் ஆதரவு 100, எதிர்ப்பு 93. விசுவாசிகள் அவையில் 104, 100. நாலே ஓட்டு வித்தியாசம். அந்த 204 பேரில் 136 பேர் ஆதரித்தால்தான் மூன்றில் இரண்டு வரும். இப்போதிருக்கும் சினாடில் அது நடக்காது, பேராயர்களுக்கும் அது தெரியும்.

கல்யாணம் இந்தப் பேச்சிலேயே இல்லை. 2013-இல் நாட்டில் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்டம் போட்டபோதே, சர்ச் ஆஃப் இங்கிலாந்து தானாக முன்வந்து தன் சட்டத்தை மாற்றாதவரை அதன் ஆலயங்களில் அது நடக்க முடியாதபடி அந்தச் சட்டத்திலேயே பூட்டிவிட்டார்கள்.

18 அக்டோபர், இரவு

மாறாத போதனை என்பதற்கு வருகிறேன். காலையிலிருந்து அதுதான் மனதில் ஓடுகிறது.

என் தாத்தாவுக்கு இரண்டாம் தாரம், இறந்துபோன பாட்டியின் தங்கை. நம் ஊரில் இதை யாரும் ஒரு விஷயமாகவே எடுப்பதில்லை. தாயில்லாத பிள்ளைகளைச் சித்தி பார்த்துக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அது விலக்கப்பட்ட உறவு. யார் யாரைக் கட்டக் கூடாது என்ற அட்டவணையை 16-ஆம் நூற்றாண்டில் கான்டர்பரி தலைமைப் பேராயர் மாத்யூ பார்க்கர் வகுத்தார். ஒவ்வொரு ஆலயத்திலும் அதை மாட்டி வைக்க வேண்டும் என்று 1603-இன் சபைச் சட்டம் சொன்னது. பழைய ஜெபப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் இன்றும் பார்க்கலாம். மனைவியின் சகோதரி அதில் இருக்கிறாள்.

அந்த விதியை நாட்டுச் சட்டம் 1907-இல் தளர்த்தியது. அதற்கு முன் பாராளுமன்றத்தில் பல பத்தாண்டு காலம் சண்டை. வேதாகமத்தைக் கையில் எடுத்துத்தான் பேராயர்கள் எதிர்த்தார்கள். லேவியராகமம் 18 அவர்களுக்கு ஆதாரம். நாரிச் பக்கத்தில் ஒரு குருவானவர், இப்படிக் கல்யாணம் செய்த தம்பதிக்குத் திருவிருந்து கொடுக்க மாட்டேன் என்று மறுத்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1912-இல் அவருக்கு எதிராக முடிந்தது. நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்ட கல்யாணத்துக்காக ஒருவரைத் திருவிருந்திலிருந்து விலக்க முடியாது என்று ஆயிற்று.

இன்று இங்கே எந்தக் குருவானவரிடம் கேட்டாலும் மனைவியின் தங்கையைக் கட்டுவதில் என்ன பாவம் என்றுதான் கேட்பார். அன்றைக்கு அது வேதப் பிரமாணத்துக்கே விரோதம்.

20 அக்டோபர்

விவாகரத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லாமல் விடுவேனா, அதுதான் பெரிய கதை.

1936-இல் எட்டாம் எட்வர்ட் முடியைத் துறந்தார். விவாகரத்தான பெண்ணைக் கட்ட விரும்பிய மன்னரைச் சபையால் ஏற்க முடியவில்லை. 1955-இல் இளவரசி மார்கரெட், விவாகரத்தான பீட்டர் டவுன்சென்டைக் கட்டப் போவதில்லை என்று அறிக்கை விட்டார். சபையின் போதனையை மனதில் வைத்தே இந்த முடிவு என்று அதிலேயே இருந்தது. முதல் துணை உயிரோடிருக்கையில் விவாகரத்தானவருக்கு ஆலயத்தில் கல்யாணம் செய்து வைக்கக் கூடாது என்று 1957-இல் குருமார் மன்றம் மறுபடி உறுதி செய்தது.

1981-இல் சினாடு, சில சூழ்நிலைகளில் அது கூடும் என்று கொள்கையளவில் ஒத்துக்கொண்டது. ஆனால் எப்படிச் செய்வது என்பதில் இழுபறி. நடுவில், 1985-இல், ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெளியே பதிவுத் திருமணம் செய்துகொள்ளுங்கள், அதன்பின் ஆலயத்துக்கு வாருங்கள், கல்யாணம் என்று சொல்லாமல் உங்களுக்காக ஒரு ஜெப ஆராதனை வைக்கிறோம் என்பதே அது. 2005 ஏப்ரலில் இப்போதைய மன்னர் சார்ல்ஸும் கமிலாவும் அப்படித்தான் செய்தார்கள். வின்ட்சர் நகர மண்டபத்தில் பதிவு, பிறகு செயின்ட் ஜார்ஜ் சிற்றாலயத்தில் ஜெபமும் அர்ப்பணிப்பும். நடத்தியவர் தலைமைப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ். இதற்குள் 2002-இல் சினாடு, அந்தந்தக் குருவானவர் விசாரித்துத் திருப்தியானால் விவாகரத்தானவரின் கல்யாணத்தையே ஆலயத்தில் நடத்தலாம் என்று முடிவெடுத்திருந்தது. 2018-இல், மேகன் விவாகரத்தானவர் என்றாலும், ஹாரி, மேகன் கல்யாணம் அதே சிற்றாலயத்தில் முழுக் கல்யாணமாகவே நடந்தது.

1981-க்கும் 2002-க்கும் இடையில் இருபத்தொரு வருஷம். கொள்கையில் கூடும், நடைமுறையில் கூடாது என்று ஒரு தலைமுறையே அந்த இடைவெளியில் கல்யாண வயதைக் கடந்துபோனது. இன்று தன்பாலின ஜோடிகள் நிற்பதும் கிட்டத்தட்ட அதே படியில்தான். ஒரு வித்தியாசம், விவாகரத்தானவர்களுக்குத் தனி ஆராதனையாவது கிடைத்தது.

21 அக்டோபர்

"விவாகரத்து வேறு, இயேசுவே மத்தேயு 19-இல் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்" என்ற பதிலுக்கு. கொடுத்திருக்கிறார், வேசித்தனம் என்ற ஒரே ஒரு காரணத்துக்கு. 2002 விதி அந்த ஒரே காரணத்தோடு நிற்கவில்லை. பதினைந்து வருஷம் மனைவியை அடித்தவனைவிட்டு வந்த பெண்ணுக்கும் இங்கே ஆலயத்தில் மறுமணம் நடக்கிறது. அது நல்ல விதி, நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வசனத்தின் எழுத்துக்கு மேலே போய்த்தான் அந்த இரக்கத்தைச் சபை காட்டியது என்பதை மட்டும் மறைக்க வேண்டாம்.

26 அக்டோபர், ஞாயிறு

"அந்த ஜெபங்கள் நடக்கும்போது பார்த்திருக்கிறீர்களா, இல்லை படித்துவிட்டுப் பேசுகிறீர்களா" என்று கேட்டிருக்கிறார்கள். பார்த்திருக்கிறேன், எங்கள் பாரிஷிலேயே.

இரண்டு பேரும் வயதானவர்கள். பல வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள், பதிவுத் திருமணமும் ஆனவர்கள். ஒருவர் ஆராதனைக்குப் பின் தேநீர் மேசையைப் பார்த்துக்கொள்கிறவர். கோப்பைகளை அவர் அடுக்குகிற ஒழுங்குக்கு யாரும் குறுக்கே போக முடியாது. மற்றவர் மணிக் கூண்டில் கயிறு இழுக்கிறவர். இங்கே ஆலய மணி அடிப்பது தனிக் கலை. ஆறு எட்டுப் பேர் வட்டமாக நின்று முறைவைத்து அடிப்பார்கள், பழகவே வருஷக் கணக்கில் ஆகும்.

குருவானவர் கமிட்டியில் வைத்தார். முடிவு அவருடையதுதான், ஆனாலும் எங்களைக் கேட்டார். எதிர்த்தவர்கள் மரியாதையாகவே எதிர்த்தார்கள், ஒருவர் அன்று ஆராதனைக்கு வர மாட்டேன் என்றும் சொன்னார். அப்புறம் விவரங்களுக்குப் போனோம். வழிகாட்டுதலின்படி அது கல்யாணம் போலத் தோன்றக் கூடாது. பூ? வழக்கமான ஞாயிறு பூவே போதும். கேக்? ஆராதனை முடிந்து தேநீர் மண்டபத்தில் என்ன தின்கிறோம் என்பதை எந்தச் சட்டமும் கேட்காது. மணி? அதில்தான் நின்றது. ஞாயிறு ஆராதனைக்கு முன் எப்போதும் மணி அடிப்போம், அதில் சிக்கல் இல்லை. கல்யாணம் முடிந்து ஜோடி வெளியே வரும்போது அடிக்கிற மணிதான் பிரச்சினை. அது கல்யாண மணி. நீண்ட நேரம் பேசி, கடைசியில் வேண்டாம் என்று முடிவாயிற்று.

அன்று பிரசங்கத்துக்குப் பின் இருவரும் முன்னால் வந்தார்கள். குருவானவர் ஜெபத்தைச் சொன்னார், நாங்கள் ஆமென் சொன்னோம். சில நிமிஷம்தான். பெரியவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டே இருந்தார், ஒரு வார்த்தையும் தவறக் கூடாது என்று. அதன்பின் மன்றாட்டு, திருவிருந்து, எல்லாம் வழக்கம்போல. இந்த ஊரில் எத்தனையோ பேரின் கல்யாணத்துக்கு மணி அடித்தவர், மணி இல்லாமல் வெளியே நடந்து வந்தார்.

எனக்குச் சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன. ஜெபம் கிடைத்ததே என்று அவர்கள் மனமார நன்றி சொன்னார்கள். மனிதரை இவ்வளவு கொஞ்சத்துக்கு நன்றி சொல்ல வைத்துவிட்டோமே என்று எனக்குத் தாங்கவில்லை.

27 அக்டோபர்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் எழுதியது: "மணி அடிக்காததற்கா இவ்வளவு? தாலியா கேட்டார்கள்?" தாலி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் சிலுவை பதித்த தாலி கட்டுகிறோம், ஊரே கூடுகிறது, மூன்று வாரம் ஓலை வாசிக்கிறோம். ஆசீர்வாதம் மட்டும் போதும், மற்றதெல்லாம் அலங்காரம் என்று நம்மில் எந்தப் பெற்றோரும் தன் பிள்ளைக்குச் சொல்வதில்லை. கடவுளுக்கு முன்னால் மட்டுமல்ல, ஊருக்கு முன்னாலும் நிற்பதுதான் கல்யாணம் என்று நமக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

30 அக்டோபர்

இப்போது எனக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். இது ஆதரவு, எதிர்ப்பு இரண்டு பக்கத்துக்கும் பொது.

எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, எங்கள் பாரிஷ் அல்ல, வேறொரு சபை. ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் அவளை விடமாட்டார்கள். ஒருநாள் தேநீர் நேரத்தில், சேர்ந்து வாழும் தோழியைப் பற்றி ஒளிக்காமல் சொன்னாள். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாரும் சிரித்தார்கள், ஒருவர் இன்னும் கொஞ்சம் பிஸ்கட் எடுத்துக்கொள் என்றார். அடுத்த மாதப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. விட்டுப் போயிருக்கும் என்று நினைத்தாள். அதற்கடுத்த மாதமும் இல்லை. கேட்டால், "இப்போது ஆட்கள் போதுமானவர்கள் இருக்கிறார்கள்" என்றார்கள். அதே பலகையில், பாடசாலைக்கு ஆள் தேவை என்ற காகிதமும் இருந்தது.

அவள் என்னிடம் சொன்னது: "அக்கா, கூடாதுன்னு நேரா சொல்லியிருந்தா நான் வேற சபைக்குப் போயிருப்பேன். அன்பா பேசிப் பேசியே என்னை ஒரு வருஷம் உட்கார வச்சிட்டாங்க."

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு சபையும் தன் நிலையை வெளிப்படையாக எழுதி வைக்கட்டும். தன்பாலின ஜோடிக்கு இங்கே ஜெபம் உண்டா, அவர்கள் பாடசாலையில் கற்பிக்கலாமா, பாடகர் குழுவில் நிற்கலாமா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்தால் என்ன பதில். இல்லை என்பதுதான் பதில் என்றால் இல்லை என்றே எழுதுங்கள். உள்ளே வந்து வருஷக் கணக்கில் வேர்விட்ட பிறகு ஒருவரைப் பிடுங்குவது போல் கொடுமை வேறில்லை.

இது நடக்காத காரியமல்ல. 2003-இல் தன்பாலின ஈர்ப்புள்ள ஜெஃப்ரி ஜான் என்ற குருவானவரை ரெடிங் பேராயராக நியமித்து, எதிர்ப்பு வந்ததும் விலக வைத்தார்கள். தான் பிரம்மச்சரியத்தில் வாழ்வதாக அவர் சொல்லியும் பலனில்லை. அந்த வருத்தத்தில் இன்க்ளூசிவ் சர்ச் என்ற அமைப்பு தொடங்கியது. அதில் சேரும் சபைகள் எல்லாரையும் ஏற்பதாகத் தங்கள் பெயரைப் பட்டியலில் வெளியிடுகின்றன. பழைய போதனையில் நிற்கும் சபைகளும் அதேபோலத் திறந்து சொன்னால் அதையும் மதிப்பேன்.

31 அக்டோபர்

"அப்படி எழுதிப் போட்டால் சபை இரண்டாகப் பிளந்துவிடும்" என்கிறார் ஒருவர். பிளவு ஏற்கெனவே இருக்கிறது. எழுதாததால் அதன் பாரம் முழுவதும் வாசலில் வந்து நிற்கிற ஒரே ஆளின் தலையில் விழுகிறது. எழுதினால் நாம் எல்லாரும் சேர்ந்து சுமப்போம்.

3 நவம்பர்

மேலே எழுதியதையெல்லாம் மறுபடி படித்தேன். ஒரு ஆளை நான் இதுவரை பேச்சிலேயே கொண்டுவரவில்லை.

என் நண்பர் ஒருவர், தன்பாலின ஈர்ப்புள்ளவர். சபையின் பழைய போதனைதான் சரி என்று நம்புகிறார். துணை தேடிக்கொள்ளவில்லை. யாரும் மிரட்டி அல்ல, வேதம் வாசித்து, ஜெபித்து, தானே எடுத்த முடிவு. அவரைப் போன்றவர்கள் சேர்ந்து 2013-இல் லிவிங் அவுட் என்ற அமைப்பையே தொடங்கினார்கள். புதிய ஜெபங்கள் வந்தபோது அவருக்கு அடிவிழுந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் நான் விட்டுக்கொடுத்தது வீண் என்று சபையே சொல்கிறதா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

ஆனால் அவர் சொன்ன இன்னொன்று இரண்டு பக்கத்தையும் குத்தும். "பழைய போதனை பேசுகிறவர்கள் என்னை மேடையில் சாட்சியாக நிறுத்துகிறார்கள். புதியது பேசுகிறவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வா என்று யாரும் கூப்பிடுவதில்லை."

கல்யாணம் கூடாது என்று ஒருவருக்குச் சொல்கிற சபை, அவருக்கு வயதான காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட வர யார், கிறிஸ்துமஸ் அன்று எந்த வீடு என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். இதில் பழைய போதனைக்காரர்கள் மேல்தான் எனக்கு அதிக வருத்தம். கேட்கிற தியாகம் பெரிது, கொடுக்கிற துணை சிறிது.

6 நவம்பர்

"ஆப்பிரிக்கச் சபைகள் வேதத்தைப் பிடித்து நிற்கின்றன, வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டார்கள்" என்ற பதிலுக்கு.

உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாட்டின் 1998 தீர்மானத்தை எல்லாரும் சுட்டுகிறார்கள். 526 பேர் ஆதரவு, 70 பேர் எதிர்ப்பு, 45 பேர் ஓட்டுப் போடவில்லை. தன்பாலின உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்ற வரி எல்லாருக்கும் மனப்பாடம். அதே தீர்மானம், ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தில் நிற்கும் எவரும், ஈர்ப்பு எதுவானாலும், கிறிஸ்துவின் சரீரத்தின் முழு அங்கங்கள் என்கிறது. அவர்கள் அனுபவத்தைச் செவிகொடுத்துக் கேட்போம் என்றும் வாக்குக் கொடுக்கிறது. அந்த வரிகளை யார் மேற்கோள் காட்டுகிறார்கள்?

ஆப்பிரிக்கா என்றால் பலதார மணத்தையும் பேச வேண்டும். பல மனைவிகள் உள்ளவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதா என்று 19-ஆம் நூற்றாண்டில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பேராயராக இருந்த கோலென்சோ காலத்திலேயே சர்ச்சை. கூடாது என்றது 1888 லாம்பெத். அந்த ஆண் ஞானஸ்நானம் பெற வேண்டுமானால் மற்ற மனைவிகளை விட வேண்டும். விடப்பட்ட பெண்ணும் அவள் பிள்ளைகளும் எங்கே போவார்கள்? சரியாக நூறு வருஷம் கழித்து, 1988-இல், மனைவிகளோடும் பிள்ளைகளோடும் அவரை ஏற்கலாம் என்று தீர்மானித்தார்கள். இனிப் புதிதாக யாரையும் கட்ட மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுக்க வேண்டும், ஊர்ச் சபையும் சம்மதிக்க வேண்டும். மனைவிகளை விலக்கினால் அவர்கள் படும் பாட்டையும் அந்தத் தீர்மானம் பேசுகிறது. ஒரு ஆணுக்கு ஒரு பெண் என்ற போதனை மாறவில்லை. ஆனால் எதிரே நிற்கிற குடும்பத்தைப் பார்த்து, போதனையைவிட்டு இறங்காமலே அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பழைய போதனையில் நிற்கிறவர்கள் இந்த ஒரு தீர்மானத்தையாவது உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

7 நவம்பர்

நம் ஊரைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருந்தாலும், லாம்பெத் தீர்மானமோ இங்கிலாந்துச் சினாடோ அதைக் கட்டுப்படுத்தாது. 1947 முதல் அதற்குத் தனிச் சினாடு, தனி முடிவு. நாட்டுச் சட்டத்தில், உச்ச நீதிமன்றம் 2018-இல் தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது, 2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தது. அதனால் இங்கிலாந்தில் எழுகிற கேள்வி அங்கே அப்படியே எழாது. பாடசாலைப் பட்டியலில் பெயர் காணாமல் போகிற கேள்வி அங்கேயும் உண்டு, இன்றைக்கே உண்டு.

9 நவம்பர்

தன்பாலின உறவைக் கண்டிப்பதாகச் சுட்டும் வசனங்களை வசனம் வசனமாகக் கேட்டு நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். லேவியராகமம் 18:22, ரோமர் 1, முதலாம் கொரிந்தியர் 6. இவை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இருவர் வாழ்நாள் முழுக்க உண்மையாக இருப்போம் என்று வாக்குக் கொடுத்து வாழ்கிற உறவைப் பவுல் மனதில் வைத்துத்தான் பேசினாரா என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். அதை இங்கே நாம் தீர்க்கப் போவதில்லை.

நான் நிற்பது வேறு இடத்தில். உபாகமம் 23 அண்ணகரை, அதாவது விதையடிக்கப்பட்ட ஆண்களை, கர்த்தரின் சபைக்கு வெளியே நிறுத்துகிறது. ஏசாயா 56, நான் பட்டமரம் என்று அவர் சொல்ல வேண்டாம், என் ஆலயத்தில் அவருக்கு இடமும் பெயரும் கொடுப்பேன் என்கிறது. அப்போஸ்தலர் 8-இல் அண்ணகரான எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைக் கண்டு, ஞானஸ்நானம் பெற எனக்கு என்ன தடை என்று பிலிப்புவைக் கேட்கிறார். தடை எழுதியே இருக்கிறது, பிலிப்புவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ரதத்தை நிறுத்தி இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள். இது கல்யாணத்தைப் பற்றிய பகுதி அல்ல, அப்படி இழுக்கவும் மாட்டேன். வேதத்துக்குள்ளேயே கதவு திறந்த வரலாறு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

13 நவம்பர்

குருமாரைப் பற்றி ஒரு சேர்க்கை. 2005 முதல் இங்கே குருமார் தன்பாலினத் துணையோடு திருமணம் அல்லாத வாழ்க்கைத்துணைப் பதிவு (சிவில் பார்ட்னர்ஷிப்) செய்துகொள்ளலாம், பிரம்மச்சரியம் காப்போம் என்ற நிபந்தனையோடு. திருமணம் கூடாது என்று 2014 பிப்ரவரியில் பேராயர்கள் சொன்னார்கள். அந்த ஏப்ரலில் ஜெரமி பெம்பர்டன் என்ற குருவானவர் தன் துணையைத் திருமணம் செய்தார். ஊழியம் செய்ய அனுமதி போயிற்று, ஆஸ்பத்திரி குருவாக வேலைக்கான உரிமமும் கிடைக்கவில்லை. வழக்குப் போட்டு 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை தோற்றார்.

பக்கத்திலேயே வேல்ஸ் சபை. இந்த ஜூலையில் செரி வான் அங்கே தலைமைப் பேராயரானார், தன் பெண் துணையோடு வெளிப்படையாக வாழ்கிறவர். ஒரு காலத்தில் இங்கிலாந்து சபையில்தான் ஊழியம் செய்தார்.

இந்த ஜூலையில் யார்க்கில் கூடிய சினாடு ஒரு நல்ல காரியம் செய்தது. குரு ஊழியத்துக்கு வருகிறவர்கள் பாலியல் ஒழுக்கத்தைப் பற்றிப் பேராயர்கள் 1991-இல் வெளியிட்ட பழைய அறிக்கைக்கு உட்பட்டு வாழ்வோம் என்று சொல்ல வேண்டிய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

16 நவம்பர்

மூன்றில் இரண்டு நடக்காது என்று முதல் குறிப்பில் எழுதினேன். அது இந்தச் சினாடுக்கு. 2012 நவம்பரில் பெண் பேராயர் தீர்மானம் விசுவாசிகள் அவையில் ஆறு ஓட்டுக் குறைவால் விழுந்தது. அன்று அழுதவர்களை எனக்குத் தெரியும். 2014 ஜூலையில் அதே சினாடு நிறைவேற்றியது. எதிர்ப்பவர்களுக்கென்று தனி ஏற்பாடு ஒன்றை நேர்மையாகச் செய்து கொடுத்த பிறகுதான் அது முடிந்தது. இந்த அக்டோபரில் ஒரு பெண்ணையே கான்டர்பரி தலைமைப் பேராயராக அறிவித்திருக்கிறார்கள், சாரா முலாலி. அடுத்த வருஷம் சினாடுத் தேர்தல். மாற்றம் வேண்டும் என்கிறவர்கள், எதிர்ப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு தருவோம் என்பதை இப்போதே பேசத் தொடங்க வேண்டும். என் தரப்பில் பலர் அதற்கு முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் நண்பருக்கும் இந்தச் சபையில் ஒரு வீடு வேண்டும்.

23 நவம்பர்

ஒரு அம்மா எழுதியிருக்கிறார்கள். மகன் இங்கே பர்மிங்ஹாமில், அவனும் அவன் துணையும் கல்யாணம் செய்யப் போகிறார்கள், "ஆலயத்தில் வைக்க முடியுமா, யாரிடம் கேட்பது, எனக்கு இங்கிலீஷில் கேட்கத் தயக்கம்" என்று.

அக்கா, இப்படிச் செய்யுங்கள். சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஆலயத்தில் கல்யாணம் நடக்காது. பதிவு அலுவலகத்தில் முன்னறிவிப்புக் கொடுக்கச் சொல்லுங்கள், குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். பதிவு முடிந்தபின், அவன் போகிற ஆலயத்துக் குருவானவரிடம், ஞாயிறு ஆராதனையில் எங்களுக்காக அந்த ஜெபங்களைச் சொல்வீர்களா என்று நேராகவே கேட்கட்டும். அவர் மறுக்கலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. மறுத்தால், பக்கத்தில் யார் செய்வார்கள் என்று அவரிடமே கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள்.

கல்யாணமே ஆலயத்தில்தான் வேண்டும் என்றால் மெதடிஸ்ட் சபை 2021 முதல் அனுமதிக்கிறது, யுனைடெட் ரிஃபார்ம்டு சபை 2016 முதல். ஆனால் எல்லா ஆலயத்திலும் நடக்காது. அந்தந்தச் சபை தனியாக முடிவெடுத்து, கட்டடத்தையும் அதற்கெனப் பதிவு செய்திருக்க வேண்டும். அதனால் முதல் கேள்வியே "உங்கள் ஆலயம் தன்பாலினத் திருமணத்துக்குப் பதிவாகியிருக்கிறதா" என்பதாக இருக்கட்டும். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கட்டுவது அதற்கப்புறம். நீங்கள் ஊரிலிருந்து வருகிறீர்கள் என்றால் விசாவுக்கு நேரம் வைத்துத் தேதி குறிக்கச் சொல்லுங்கள். இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டுமானால் விவரம் அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.